வயதுக்கு இரண்டு கட்டம்

“அந்த ஒரு கார்டை விட்டுடு ருக்மிணி. வயசு தெரியலைன்னா 99னு பஞ்ச் பண்றதுதான் ஹைதராபாத்ல எல்லா கம்ப்யூட்டர் சென்டர்லயும் வழக்கம். 99ஐப் பார்த்தாலே நம்ம புள்ளிவிவர புரோகிராம் அந்த ஆளைத் தள்ளிடும்” என்றார் சர்வே அலுவலகத்து அதிகாரி சுந்தரேசன், துளையிட்ட கார்டுக் கட்டைப் பார்த்தபடி.

“தள்ளிட்டா அவருக்கு இலவச வைத்திய அட்டை கிடைக்காதே சார்! வீடு இங்க அல்வால்லதானே, நானே போய் வயசைக் கேட்டுண்டு வரேன்.”

அல்வாலில் அந்த வீட்டு வாசலில், நரைத்த தலைக்காரர் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார்.

“பெருமாள்னு ஒரு பெரியவர் வீடு இதுதானே? முதியோர் சர்வேயிலேருந்து வரேன்.”

“ஹவ், ஆமா, இதான். என்ன வேணும்மா?”

“அவர் வயசு தெரியணும். நீங்க அவர் பிள்ளையா?”

அவர் சிரித்தார். “என் பிள்ளை முட்டி வலின்னு உள்ள படுத்திருக்கான். நான்தான் பெருமாள். வயசை அன்னிக்கே சொன்னேனே?”

“எங்க கார்டுல 99னு இருக்கு...”

“சரியாத்தான் எழுதியிருக்காங்க.”

ருக்மிணி கைகூப்பினாள்.

“மன்னிச்சுக்கோங்க தாத்தா. வயசு தெரியாதவாளுக்குத்தான் 99 போடுவோம். கார்டுல வயசுக்கு ரெண்டு கட்டம்தான் விட்டிருக்கோம். இன்னிக்கே எல்லாத்தையும் மாத்தச் சொல்றேன்.”

பெருமாள் பெடலைச் சுற்றிவிட்டார். சக்கரம் விர்ரென்று ஓடியது.

“அப்படியே மூணு கட்டமா விடச் சொல்லும்மா. வர்ற தையில எனக்கு ரெண்டு பத்தாது!”