வரவில்லை என்றால் வேறு அர்த்தம்

தீவு ஆஸ்பத்திரியின் ஒரே அறைக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. வயர்லெஸ் இப்போதுதான் பேசி ஓய்ந்திருக்கிறது. அது பேசிய அக்கரை மொழி இங்கே நர்ஸுக்கு மட்டும்தான் புரியும். தரை துடைத்துக்கொண்டிருக்கும் அக்கா நிமிர்ந்து பார்க்கிறாள். மூன்று நாளுக்கு முன்பு அவள் கணவனை நெஞ்சுவலியோடு படகில் ஏற்றி அக்கரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். நர்ஸ் அக்கரையிலிருந்து தீவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. காய்ச்சல், வலி, மூச்சை இழு, பயப்படாதே என்று அவளுக்குத் தெரிந்த தீவு வார்த்தைகள் எல்லாமே இந்த அக்கா சொல்லிக்கொடுத்தவை. தப்பாகச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், பிறகு திருத்துவாள்.

"என்ன நர்ஸம்மா சொல்றாங்க? நாளைக்குப் படகுல வந்துடுவாராமா?"

நர்ஸ் தெரிந்த வார்த்தைகளுக்குள் தேடித் துழாவி, தீவு மொழியிலேயே சொல்கிறாள்.

"அக்கா, அவர் வரலை."

"ஐயோ, அப்படிச் சொல்லக்கூடாதும்மா." அக்கா பழக்க தோஷத்தில் சிரித்துவிடுகிறாள். "வரலைன்னா அடுத்த படகுல வருவார்னு அர்த்தம். இனிமே வரவே மாட்டார்ங்கறதுக்கு வேற வார்த்தை இருக்கு."

நர்ஸின் கண் நிரம்பி வழிகிறது. "அது என்ன வார்த்தைக்கா?"

அக்காவின் கைத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவள் நர்ஸின் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு எப்போதும்போல, நர்ஸ் சரியாகப் பிடித்துக்கொள்ளும்படி, அந்த வார்த்தையை மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிறாள். நர்ஸ் அதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொல்கிறாள். அக்கா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.