மூணாம் நம்பர் சிலேட்டு

"ஒடஞ்ச சிலேட்டுக்குப் போய் இன்னாய்யா இவ்ளோ வீம்பு? பேத்திப் புள்ளைக்குத்தான கேக்குறாரு, குடுத்துத் தொலையேன்!"

அம்முலு கத்திக்கொண்டிருந்தாள். அருள்தாஸ் காதில் விழாதவர் போல ஆட்டுக்குத் தழை கட்டினார்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முத்துகிருஷ்ணன் நின்றிருந்தார். மானாம்பதியில் அவர் நிலத்தை மிதிக்காமல் ஏரிக்குப் போக முடியாது. அப்பேர்ப்பட்டவர் அருள்தாஸ் வீட்டு வாசலுக்கு வந்தது இந்த அறுபத்து மூன்று வயதில் இதுதான் முதல் தடவை.

"ஸ்கூல்ல எக்சிபிஷன் அருளு. 'அந்தக் காலப் படிப்பு'ன்னு தலைப்பாம். உத்திரமேரூர் பூரா சுத்திட்டேன், எந்தக் கடையிலயும் பிளாஸ்டிக்குதான் கீது. இளமதிக்கு டேப்லெட்டு வாங்கிக் குடுத்துக் கீறேன். கிளாஸ்ல சொவரு அகலத்துக்கு டிவி வெச்சுப் பாடம் நடத்துறான். அதெல்லாம் பத்தலியாம். கல் சிலேட்டு வேணுமாம்!"

"உங்க வூட்ல இல்லியா?"

முத்துகிருஷ்ணனை எந்த முறை சொல்லியும் கூப்பிடாமலே பேச அருள்தாஸ் ஐம்பது வருஷமாகப் பழகியிருந்தார்.

"அதெல்லாம் அப்பவே பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு. உங்கிட்ட ஒண்ணு கீதுன்னு அம்முலுதான் ரேஷன் கடையில சொல்லிச்சு."

அருள்தாஸ் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். அவள் சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இருந்தது. டிரங்குப் பெட்டியில், ஞானஸ்நானச் சீட்டுக்கு அடியில். பாதியோடு முறிந்த கல் சிலேட்டு. மரச்சட்டத்தில் ஆணியால் கீறிய எழுத்து: அருள்தாஸ், 3. மூணாங்கிளாஸ் சேர்ந்த அன்றைக்கு அவரே கீறியது.

முறித்தது முத்துகிருஷ்ணன். சிலேட்டைப் பிடுங்கி, அதன்மேல் உட்கார்ந்து ஏரிக்கரைச் சரிவில் சறுக்கி விளையாடியபோது பாதி வழியில் 'பட்'டென்று போனது. மறுநாள் வாத்தியார், "சிலேட்டு இல்லாம உள்ள வராத" என்று திருப்பி அனுப்பினார். அப்பா வேறு வாங்கித் தரவில்லை. எருமை மேய்க்க அனுப்பினார். எருமைகளும் முத்துகிருஷ்ணன் வீட்டு எருமைகள்தான். அவற்றைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் பத்தாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்திருக்கும். தினமும் அவற்றின் காதுபட அதைச் சொன்னார் அருள்தாஸ்.

தழையைக் கட்டி முடித்துக் கையைத் தட்டினார்.

"தர்றேன். நானும் கூட வருவேன். யாரு சிலேட்டுன்னு எவனாச்சும் கேட்டா, எம்பேரச் சொல்லணும்."

"ப்பூ, இவ்ளோதானா? சொல்றேன்டா!"

சொல்வாரா என்று பார்க்கத்தான் வெள்ளிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார் அருள்தாஸ்.

பள்ளிக்கூட ஹாலில் பட்டுத்துணி விரித்த மேஜை. அதன்மேல் சிலேட்டு. சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் இளமதி மூச்சு விடாமல் இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தாள். அருள்தாஸ் பின்னால், தண்ணீர் கேன் ஓரமாக நின்றார்.

பரிசு கொடுக்க வந்தவர் ரிட்டயரான ஹெட்மாஸ்டர் பஞ்சாட்சரம். சிலேட்டைப் பார்த்ததும் குழந்தையாகிவிட்டார்.

"அடடா! கோவை இலை தேச்சுக் கறுப்பாக்குவோமே! இது யாரு படிச்சதும்மா?"

"எங்க தாத்தா சார்!"

"பாதிதான் இருக்கு?"

"படிச்ச வேகத்துல ஒடஞ்சிடுச்சுங்க," என்றார் முத்துகிருஷ்ணன். ஹாலே சிரித்தது.

பஞ்சாட்சரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்தைத் தடவினார்.

"அருள்தாஸ்னு கீறியிருக்கே. யாரு அது?"

அருள்தாஸ் தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டார்.

முத்துகிருஷ்ணன் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஊர்ப் பெரிய மனுஷர்கள், டீச்சர்கள், மருமகள் வீட்டுச் சம்பந்திகள். கடைசியாகத் தண்ணீர் கேன் பக்கம் கண் போனது. தொண்டையைச் செருமினார்.

"அருள்தாஸா? அது கம்பெனி பேருங்க."

"பக்கத்துல மூணுன்னு போட்டிருக்கு?"

"சைசுங்க. மூணாம் நம்பர்."

"பாத்தீங்களா, அந்தக் காலத்துலயே பிராண்டட் சிலேட்டு!" என்றார் பஞ்சாட்சரம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதல் பரிசு இளமதிக்கு.

வெளியே, ஸ்கூல் வேன் பக்கத்தில் முத்துகிருஷ்ணன் அருள்தாஸின் தோளைத் தட்டினார். இதற்கு முன் தொட்டதே இல்லை.

"இன்னா அருளு, வாக்கு குடுத்த மாதிரியே ஒம்பேரச் சொல்லிட்டேன் பாத்தியா? மைக்குலயே கேட்டுது!"

அருள்தாஸ் பதில் சொல்லுமுன் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். முத்துகிருஷ்ணன் பரிசுக் கோப்பையோடு போய்விட்டார்.

இளமதி சிலேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"தாத்தா, இத எங்க தாத்தா உங்ககிட்டதான் குடுத்து வெச்சிருந்தாராமே? இத்தன வருஷம் பத்திரமா பாத்துக்கினதுக்கு தேங்க்ஸ்!"

அருள்தாஸ் கவரை வாங்கிக்கொண்டார். அங்கே முத்துகிருஷ்ணன் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இங்கே இந்தப் பெண் கண் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள். அருள்தாஸ் கவரின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டார்.

"ஸ்கூல்லயே வெக்க இதே மாதிரி முழுசா ஒண்ணு வேணும்னு மிஸ் கேட்டாங்க தாத்தா. அந்த அருள்தாஸ் கம்பெனி இன்னும் இருக்கா?"

"இல்ல பாப்பா," என்றார் அருள்தாஸ். "அத மூணாங்கிளாஸ்லயே மூடிட்டாங்க."