பாப்பரசரின் கோல்

விஷம் வைத்துப் பதவிக்கு வந்த பாப்பரசர்தான் அந்த வீடியோ கேமில் கடைசி வில்லன். அவர் கோலை ஓங்கும்போதெல்லாம் அம்மா ஈரக்கையோடு அடுக்களையிலிருந்து வந்து, டிவிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வாள். அவள் கண்ணெதிரே அவரைக் குத்தக் கை வராமல் ரெமிஜியுஸ் அடிவாங்கிச் சாவான்.

“அவரே அடிக்காருன்னா நீ என்னமோ தப்பு செஞ்சிருக்கே, லே. சாமியார்ட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு” என்பாள்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் கிளம்பியதும் அந்தப் பழைய கேமை எடுத்துப் போட்டான். பாப்பரசர் வந்தார். இன்று தடுக்க ஆளில்லை. ஒரே குத்தில் முடித்துவிடலாம். ரெமிஜியுஸ் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டு, அடிமேல் அடி விழ, அடுக்களைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.