செம்பின் நெளிசல்

அருளப்பன் வீட்டுப் பித்தளைச் செம்பு ஒரு லிட்டர் பிடிக்கும். அந்தக் காலத்தில் கைப்பந்து ஆடிவிட்டு வியர்வையோடு வருவார். அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்வார். இப்போது அவருக்குச் சிறுநீரகம் பழுது; தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். மேசைமேல் மூன்று சீட்டுகள் காலையிலிருந்து சண்டை பிடித்தன.

"வேளைக்கு இருநூறு மில்லிதான்" என்றது சிறுநீரக டாக்டரின் சீட்டு.

"வேளைக்கு ஒரு டம்ளர் குடிக்கலாம்" என்றது இதய டாக்டரின் சீட்டு.

"ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், ஐந்து வேளையாக" என்றது ஆஸ்பத்திரி உணவுச் சீட்டு.

யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் அருளப்பன் நாக்கு வறள உட்கார்ந்திருந்தார். செம்புக்குப் பொறுக்கவில்லை.

"திங்கட்கிழமை சிறுநீரகச் சீட்டைப் பார்த்து எனக்குள் ஊற்றினார். செவ்வாய்க்கிழமை இதயச் சீட்டு. நேற்று உணவுச் சீட்டு. மூன்று நாளும் தண்ணீர் என் அடிவயிற்று நெளிசலோடு நின்றுவிட்டது. அப்புறம் என்னப்பா சண்டை உங்களுக்கு?"



அருளப்பன் காதில் விழுந்ததோ என்னவோ, நெளிசல் வரை ஊற்றிப் பழைய பழக்கத்தில் அண்ணாந்தார். மூன்று மடக்கில் தீர்ந்தது. தீர்ந்த பிறகும் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

செம்பும் கவிழ்ந்தபடியே இருந்தது.