தலையாட்டினால் போதும்

சுருளி என்கிற கறுப்புக் கிடாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பால்கோவா விளம்பரத்துக்குப் போனது. நிறம் பத்தாது என்றார்கள். சினிமாவுக்குப் போனது, கொம்பு இன்னும் வளரணும் என்றார்கள். அடுத்து யார் கூப்பிடுவார்கள் என்று அங்குமிங்கும் நடந்தே பட்டியின் தரையைப் பள்ளமாக்கிவிட்டது.

ஒருநாள் நாலு பேர் வந்தார்கள். பல்லைப் பார்த்தார்கள், காதைத் தூக்கிப் பார்த்தார்கள், ஒரு வெள்ளை முடியாவது இருக்கிறதா என்று தேடினார்கள்.

"அம்சமா இருக்குப்பா. இதையே பிடிங்க," என்றார் மீசைக்காரர்.

"நான் செலக்ட் ஆயிட்டேன்!" என்று குதித்தது சுருளி.

பக்கத்தில் நின்ற ஒத்தைக்காதன் தழை மெல்வதை நிறுத்தியது. "போன வருஷம் இவங்க கூட்டிட்டுப் போனவன் இன்னும் திரும்பலையேடா?"

"பெரிய ஆளாயிட்டான், இங்க எதுக்கு வருவான்? காது கிழிஞ்சிருக்குன்னு உன்னை ஒதுக்கிட்டாங்கல்ல, அந்த வயித்தெரிச்சல் உனக்கு."

கோயில் வாசலில் சுருளிக்கு மாலை போட்டார்கள். மேளம் கொட்டியது. தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தது.

"தலையை ஆட்டுடா தங்கம்," என்று கெஞ்சினார் மீசைக்காரர். "நீ சம்மதிச்சாத்தான் சாமி ஏத்துக்கும்."

வசனம்கூடக் கிடையாது, தலையாட்டினால் போதும். சுருளி நிமிர்ந்து நின்று, கடைசி வரிசைக்கும் தெரியும்படி ஆட்டியது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

"வேணும்னா இன்னொரு தடவை ஆட்டட்டுமா?" என்று அது ஆசையாகத் திரும்பியபோது, மீசைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்.