அன்னாசிச் சால்வை

மருமகனாக வரப்போகிறவனின் தாய் லோர்னா, பிலிப்பைன்ஸிலிருந்து கொண்டுவந்த சால்வையைக் குணேஸ்வரியின் தோளில் போர்த்திவிட்டாள். தும்பியின் சிறகு போல மெல்லிய துணி. கார்ட்டியர்வில் பகுதியிலிருந்த பெண் வீடே வாயைப் பிளந்தது.

“அன்னாசி இலையை உடைந்த பீங்கானால் சுரண்டி, நாரெடுத்துக் கையால் நெய்தது,” என்றாள் லோர்னா பெருமையோடு. மணப்பெண் நிருஷா அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம்.

“அன்னாசியோ!”

பாம்பு விழுந்தது போல அதை உதறிவிட்டுக் குணேஸ்வரி குசினிக்குள் ஓடினாள். மானம் போன அரியரத்தினம் சால்வையோடு மனைவியின் பின்னால் போனார்.

“விசரே உமக்கு? சம்பந்தி என்ன நினைப்பா? போடும் இதை!”

“கிட்டக் கொண்டுவராதேங்கோ!” அவள் இடுக்கியை நீட்டினாள்.

“இது இலையப்பா. உடுக்கிறது, தின்னுறதில்லை.”

“அன்னாசி அன்னாசிதான். ஆருக்கு ஆகாதெண்டு உங்களுக்குத் தெரியாதே?”

பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது. அரியரத்தினம் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயோ, நிருஷாவோ? கலியாணத்துக்கு முதலேயோ?”

“அவளை எட்டிப் பாருங்கோ.”

எட்டிப் பார்த்தார். நிருஷா லோர்னாவின் பக்கத்திலிருந்து அன்னாசிக் கேக்கை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஆர்?”

நாற்பத்தைந்து வயதுக் குணேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். “அவளின்ர கலியாணம் முடியட்டும், பேந்து சொல்லுவமெண்டு இருந்தனான்.”

அரியரத்தினம் இடுக்கியை வாங்கினார். சால்வையின் ஒரு நுனியைக் கவ்விப் பிடித்து, பல்கனிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.