அழுகைக்குப் பத்து மார்க்

ஐந்தாவது கைக்குட்டையை மோந்து பார்த்தபோது காளிச்சாமிக்கே கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இதுவும் வெங்காயம்ங்க" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மாவட்டச் சறுக்குப் போட்டியின் அமைப்பாளர், தலைமை நடுவர், மைக் பிடிப்பவர் எல்லாமே அவர்தான். மத்தியானத்திலிருந்து ஊக்கமருந்துப் பரிசோதகரும் அவரே ஆகிவிட்டார்.

கோயமுத்தூரில் ஐஸ் தரைக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் மைதானத்தில், காலில் சக்கரம் கட்டிக்கொண்டுதான் பெண்கள் சுழன்றார்கள். மற்றபடி எல்லாம் அசல் என்பது காளிச்சாமியின் பெருமை. இரண்டு வருடம் முன்பு, தொண்ணூற்று நாலில், அன்னூர் மச்சான் வீட்டு டிஷ் ஆன்டெனா புண்ணியத்தில் வெளிநாட்டு ஐஸ் சறுக்குப் போட்டியை மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தவர், இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

அதில், ஆடி முடித்த பெண்கள் ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். கூட ஒருவர் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டார். பெண்கள் அழுதார்கள். மார்க் வந்தது.

காளிச்சாமிக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

அந்த வருடமே இங்கேயும் ஒரு பெஞ்ச் போட்டார். சறுக்குக்குத் தொண்ணூறு, அழுகைக்குப் பத்து. வீட்டில் டிஷ் இல்லாத யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அதில் பார்த்தபடி, ஆடி முடித்தவர்களுக்குப் பூ எறிகிற வழக்கத்தையும்தான் கொண்டுவந்தார். ஒரு தாய்மாமன் இரண்டு கிலோ செவ்வந்தியை அள்ளி வீச, அடுத்து வந்த பெண் வழுக்கிக்கொண்டு போய் மார்க் மேஜைக்கு அடியில் நின்றாள். பூவை நிறுத்திவிட்டார். அழுகை மட்டும் நிலைத்துவிட்டது.

இன்று காலை மைக்கில், "ஊக்கமருந்து உபயோகிச்சது தெரிஞ்சா நீக்கிப்போடுவோம்ங்க" என்று அறிவித்திருந்தார். அவர் மனதில் இருந்தது குளுக்கோஸ் பொடி. ஆனால் பிரான்சிஸ் என்பவர், தன் மகளைவிட அரை மார்க் கூட வாங்கிய இளவேனிலின் கண்ணீரில் வெங்காய வாடை அடிக்கிறது என்று எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டார்.

மைக்கில் சொன்ன சொல்லை விழுங்க முடியுமா? ஆறு பேரின் கைக்குட்டைகளும் மேஜைக்கு வந்தன.

இளவேனிலுடையது வெங்காயம். பிரான்சிஸ் மகளுடையது தலைவலித் தைலம். பிரான்சிஸ் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்றாவதில் மிளகாய்த்தூள்.

"கொஞ்சூண்டுதானுங்க போட்டோம்" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா.

நாலாவதில் மறுபடி தைலம். ஐந்தாவதுதான் இது.

மணி நாலே முக்கால். ஐந்துக்குள் மெட்ராஸுக்குப் போன் போட்டு, மாநிலப் போட்டிக்கு ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் சேலத்துக்குப் போய்விடும். சேலத்தில் பெஞ்சே கிடையாது. அவர்களிடம் போய்த் தோற்பதா!

மிச்சம் இருந்தது நிதாவின் கைக்குட்டை.

நிதா கோட்டைமேட்டுப் பெண், பதிமூன்று வயது. சறுக்க ஆரம்பித்தால் கால் தரையில் நிற்காது. ஆனால் போன வருடம் இதே பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை பல்லையும் காட்டி, அழுகைக்குப் பூஜ்யம் வாங்கி, மெட்ராஸ் வாய்ப்பைத் தவறவிட்டவள். அதன்பிறகு ஒரு வாரம் அவள் சோறு தின்னவில்லை என்று கேள்வி.

இந்த வருடம் அப்படியில்லை. அம்மா சபுரா பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைச் சுற்றி அணைத்து, காதில் என்னவோ சொன்னார். நிதாவுக்குப் பொலபொலவென்று கொட்டியது. காளிச்சாமி பத்துக்குப் பத்து போட்டார். காரமடையில் கட்டிக்கொடுத்த மகள் ஞாபகம் வந்து அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவள் கைக்குட்டையை எடுத்தார். இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. பிரித்து மோந்தார். திருப்பிப் போட்டு மோந்தார்.

சோப்பு வாசம். அவ்வளவுதான்.

"சுத்தம்ங்க! இதுதானுங்க அசல் அழுகை!" மைக்கில் அவர் போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த காக்கைகள் பறந்தன.

நிதாவின் கழுத்தில் பதக்கம் ஏறியது. போட்டோ ஸ்டுடியோக்காரர் கேமராவோடு வந்தார்.

"அம்மணி, பெஞ்சுல அம்மாகூட உக்காருங்க. அப்ப அழுதீங்கல்ல, அதே மாதிரி வேணும்."

சபுரா உட்கார்ந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். மகளின் முதுகைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனார்.

நிதா துள்ளி எழுந்தாள். ஆட்டத்தில்கூட அவ்வளவு உயரம் அவள் எம்பவில்லை.

"அதான் ஜெயிச்சாச்சில்லம்மா! இன்னும் எதுக்குக் கிள்றே?"

பிரான்சிஸ் பேனா மூடியைத் திறந்தார்.

காளிச்சாமி சபுராவின் விரல்களைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிதா இடுப்பைத் தேய்த்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மறுபடியும் நிறைந்திருந்தது. இந்த முறை யாருடைய கையும் அவள் மேல் இல்லை.

"கிள்ளு மருந்துல சேராதுங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்.

அடுத்த வருட விதிமுறைத் தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது: பெஞ்சில் உட்கார வரும் தாய்மார்கள் தயவுசெய்து நகம் வெட்டிக்கொண்டு வரவும்.